அன்னாவும் சயாம் அரசரும்: அந்தப் படத்தில் எவ்வளவு நிஜம்?

கேள்வி இதுதான். 1946-ல் வந்த 'அன்னா அண்ட் த கிங் ஆஃப் சயாம்' படத்தில் கணவனை இழந்த ஓர் ஆங்கிலேயப் பெண் சிறு மகனோடு சயாம் (இன்றைய தாய்லாந்து) அரண்மனைக்குப் போகிறார், அரசரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார், போகப்போக அரசரையே மாற்றுகிறார். இது நடந்த கதையா? நடந்தது என்றால் தாய்லாந்துக்காரர்களுக்கு இதன்மேல் ஏன் இவ்வளவு கோபம்?

அன்னா இருந்தார், அரசர் இருந்தார், 1862 முதல் 1867 வரை ஐந்து வருடம் பாடமும் நடந்தது. இவ்வளவும் நிஜம். ஆனால் படத்தில் நம் நெஞ்சில் நிற்கிற காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அவற்றில் பெரும்பாலானவை நடக்கவில்லை, சில நேர் தலைகீழாக நடந்தன. எனக்கு இந்தப் படம் பிடிக்கும், பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு வருத்தம் வரும். நிஜத்தில் இருந்த அந்த இரண்டு பேரும் படத்தில் வரும் இரண்டு பேரைவிட எவ்வளவோ சுவாரசியமானவர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் படம். ஜான் குரோம்வெல் இயக்கியது, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தயாரிப்பு. அன்னாவாக ஐரீன் டன், அரசர் மோங்குட்டாக ரெக்ஸ் ஹாரிசன், துப்திம் என்ற இளம் ராணியாக லிண்டா டார்னெல், பிரதம மந்திரியாக லீ ஜே. காப். ஹாரிசனுக்கு இதுதான் முதல் ஹாலிவுட் படம். கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. பின்னாளில் 'சைக்கோ'வுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன்தான் இதற்கும் இசை. முழுக்க முழுக்க கலிஃபோர்னியாவில் போட்ட செட், முக்கிய வேடங்களில் சயாம்காரர் ஒருவர்கூட இல்லை, எல்லாருக்கும் முகத்தில் பழுப்பு மை. அந்தக் காலத்து ஹாலிவுட் அப்படித்தான். அதையெல்லாம் தாண்டியும் படம் நிற்பதற்குக் காரணம் ஐரீன் டன் என்பேன். குரலை உயர்த்தாமல், கண்ணைக் கசக்காமல், ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கே உரிய பிடிவாதத்தோடு அந்த வேடத்தைத் தூக்கி நிறுத்துகிறார். வாக்குக் கொடுத்தபடி எனக்குத் தனி வீடு எங்கே என்று அவர் விடாமல் கேட்கும் காட்சிகள் எல்லாம் அழகு.

இந்தக் கதை நம்மிடம் வந்து சேர்ந்த வழியைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அன்னா சயாமை விட்டுப் போன பிறகு, 1870-லும் 1873-லும் அரண்மனை அனுபவங்களை இரண்டு புத்தகங்களாக எழுதினார். முதல் புத்தகத்தில் நினைவுக்குறிப்பு கொஞ்சம், கேள்விப்பட்டது கொஞ்சம். இரண்டாவதில் அந்தப்புரத்து சோகக் கதைகள் அதிகம். பிழைப்புக்காக எழுதியவர் அவர். வாசகர்கள் எதை விரும்பி வாங்குவார்கள் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு அந்தப் புத்தகங்களை உலகம் மறந்துவிட்டது. 1920களின் கடைசியில் சயாமுக்கு மிஷனரியாகப் போன மார்கரெட் லாண்டன் என்ற அமெரிக்கப் பெண் கையில் அவை கிடைத்தன. அவர் இரண்டையும் சேர்த்துப் பின்னி, தேவையான இடத்தில் இட்டு நிரப்பி, 1944-ல் ஒரு நாவல்போல எழுதினார். அது அமோகமாக விற்றது. அதிலிருந்து இந்தப் படம். அப்புறம் 1951-ல் ரோட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் அதைப் பாட்டு நாடகமாக்கினார்கள், 1956-ல் அது யூல் பிரைன்னர், டெபோரா கெர் நடித்த 'த கிங் அண்ட் ஐ' படமானது. மொட்டைத் தலையோடு இடுப்பில் கைவைத்து நிற்கும் பிரைன்னரைத்தான் உலகம் சயாம் அரசராக நினைவில் வைத்திருக்கிறது. அந்த மனிதர் மேடையில் மட்டும் 4,625 தடவை அந்த வேடத்தைப் போட்டார். 1999-ல் ஜோடி ஃபாஸ்டரும் சோ யுன்-ஃபாட்டும் நடித்த இன்னொரு படம். ஆக, நாம் திரையில் பார்ப்பது ஒருவர் சொன்னதை இன்னொருவர் மெருகேற்றி, அதை மூன்றாமவர் வசனமாக்கிய கதை.

சரி, அரசர் எப்படிப்பட்டவர்? படத்தில் ஹாரிசன் காட்டும் மோங்குட் புத்திசாலி, ஆனால் குழந்தைத்தனம், திடீர்க் கோபம், உலகம் தெரியாமல் தட்டுத்தடுமாறி மேற்கத்திய அறிவைப் பிடிக்கப் பார்க்கும் ஆசை, இப்படி ஒரு கலவை. நிஜ மோங்குட் 1804-ல் பிறந்தார். இருபது வயதில் வழக்கப்படி துறவு பூண்டு பிட்சு ஆனார். போன சில நாட்களிலேயே தந்தை இறந்துவிட, அரியணை வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனுக்குப் போனது. மோங்குட் காவியைக் கழற்றவில்லை. இருபத்தேழு வருடம் பிட்சுவாகவே இருந்தார். ஒரு ராஜகுமாரன் தன் வாழ்க்கையின் நடுப்பகுதி முழுவதையும் கையில் பிச்சைப் பாத்திரத்தோடு, வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்து கழித்திருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். சாதாரண ஜனங்களின் வீட்டு வாசலில் நின்று சோறு வாங்கித் தின்றவர். அவருக்கு முந்தைய அரசர்களில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு இருந்திருக்கும்?

அந்த இருபத்தேழு வருடத்தில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. பாலி மொழியில் ஆழ்ந்து படித்து, சயாம் பௌத்தத்தில் தளர்ந்துபோன ஒழுக்க விதிகளை மீட்கத் தம்மயுத் என்ற சீர்திருத்தப் பிரிவைத் தொடங்கினார். அது இன்றும் தாய்லாந்தில் இருக்கிறது. இலங்கைப் பிட்சுகளோடு பாலியில் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். பிரெஞ்சுப் பாதிரியார் பல்லேகுவாவிடம் லத்தீன் கற்றார், பதிலுக்கு அவருக்குப் பாலி கற்றுக்கொடுத்தார். அமெரிக்க மிஷனரி ஜெஸ்ஸி காஸ்வெல்லிடம் ஆங்கிலம். வானியலில் பெரும் பித்து. மடாலயத்திலேயே அச்சுக்கூடம் வைத்தார். 1851-ல் அண்ணன் இறந்தபோது அவருக்கு வயது 46. அப்போதுதான் அரசரானார். அன்னா வந்து சேர்ந்தபோது 57. ஒல்லியான உடம்பு, வாதத்தால் ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்ட முகம், பொய்ப்பல். ஹாரிசனுக்குப் படம் வந்தபோது 38, பிரைன்னர் மேடையேறியபோது முப்பதுதான். வயதை இப்படிக் குறைத்ததால்தான் திரையில் அரசருக்கும் டீச்சருக்கும் நடுவே ஒரு சொல்லாத காதல்போல ஏதோ ஒன்றை நுழைக்க முடிந்தது. நிஜத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அரசருடைய கடிதங்களில் அன்னாவின் பெயர் மிக அரிதாகத்தான் வருகிறது.

அப்புறம் ஏன் ஓர் ஆங்கிலேய ஆசிரியையைத் தேடினார்? இதற்குப் பதில் அரண்மனைக்கு வெளியே, வரைபடத்தில் இருக்கிறது. மேற்கே பர்மாவின் கடலோரப் பகுதிகளை இரண்டு போர்களில் பிரிட்டிஷார் விழுங்கியிருந்தார்கள். கிழக்கே சைகோனை 1859-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், கம்போடியா 1863-ல் அவர்கள் பாதுகாப்பின் கீழ் போனது. நடுவில் சயாம். 1855-ல் ஹாங்காங் ஆளுநர் பௌரிங் வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் இறக்குமதி வரி மூன்று சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது, பிரிட்டிஷ் பிரஜைகளை சயாம் நீதிமன்றத்தில் விசாரிக்கக்கூடாது என்றெல்லாம் இருந்தது. விட்டுக்கொடுத்து நாட்டைக் காப்பாற்றுகிற காலம் அது. அடுத்து அரியணை ஏறுகிறவனுக்கு மொழிபெயர்ப்பாளர் துணை இல்லாமல் ஆங்கிலம் புரிய வேண்டும், எதிரில் இருப்பவன் என்ன எழுதி நீட்டுகிறான் என்று தெரிய வேண்டும். ஆங்கிலப் பாடம் அவருக்கு ஒரு தற்காப்பு.

மதம் மாற்றும் பேச்சு அரண்மனைக்குள் வரக்கூடாது என்பதிலும் தெளிவாக இருந்தார். அன்னாவுக்கு முன்பே, 1850களின் தொடக்கத்தில், அமெரிக்க மிஷனரிகளின் மனைவிமார் சிலர் அந்தப்புரத்துப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தார்கள், பாடத்தோடு பைபிளும் வந்தது, கொஞ்ச நாளில் அந்த ஏற்பாடு நின்றுபோனது. அதனால் 1862 பிப்ரவரி 26 தேதியிட்டு அன்னாவுக்கு எழுதிய கடிதத்திலேயே, ஆங்கில மொழியும் அறிவியலும் இலக்கியமும் கற்பியுங்கள், கிறித்தவத்துக்கு மாற்றும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரசரே எழுதிய ஆங்கிலக் கடிதம் அது. இலக்கணம் ஆங்காங்கே வழுக்கும், ஆனால் சொல்ல வந்தது பிசிறில்லாமல் இருக்கும். படத்தில் சிரிப்புக்காகப் பயன்படுத்திய அந்த ஆங்கிலத்தை எனக்கு மரியாதையோடுதான் படிக்கத் தோன்றுகிறது. நாற்பது வயதை ஒட்டி ஒரு புது மொழியைக் கற்று, அதில் வல்லரசுகளோடு ராஜதந்திரக் கடிதம் எழுதிய மனிதர்.

இங்கே நம் ஊரோடு ஒரு தொடர்பு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பாங்காக் அரசவையில் பிராமணப் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மார்கழியை ஒட்டி அவர்கள் நடத்தும் சடங்குக்குப் பெயர் திரியம்பவாய். பெயரிலேயே திருவெம்பாவை ஒலிக்கிறது அல்லவா? மாணிக்கவாசகர் பாடிய அதே பாட்டை அவர்கள் பொருள் மறந்தும் ஓசை மறக்காமல் ஓதிவந்தார்கள். வெளியுலகக் காற்றே படாத ஒரு மூலை என்று படம் காட்டுகிற அரசவையில், தமிழ்ப் பதிகமும் பாலி சூத்திரமும் லத்தீனும் தொலைநோக்கியும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தன.

படத்தின் மிகக் கொடூரமான காட்சிக்கு வருவோம். துப்திம் என்ற இளம் ராணி தன் பழைய காதலனைத் தேடிப் போய், பிடிபட்டு, அரசர் கட்டளைப்படி இருவரும் உயிரோடு எரிக்கப்படுகிறார்கள், ஜன்னலிலிருந்து அன்னா பார்க்கிறார். அன்னாவின் இரண்டாவது புத்தகத்திலிருந்து வந்தது இது. அப்படி ஒரு எரிப்பு நடந்ததற்கு வேறு எந்தச் சாட்சியும் இல்லை. அந்தக் காலத்து பாங்காக்கில் வெளிநாட்டுத் தூதரகங்கள் இருந்தன, மிஷனரிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், டாக்டர் பிராட்லி என்ற அமெரிக்கர் பத்திரிகையே நடத்தினார். இவர்கள் கண்ணில் படாமல் பகிரங்கமாக இரண்டு பேரை எரித்திருக்க முடியுமா? அன்னா சொல்லும் நிலவறைச் சிறைகள்பற்றியும் பின்னாளில் வரலாற்றாளர்கள் ஒரு எளிய விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். பாங்காக் சதுப்பு மண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், அங்கே எங்கிருந்து நிலவறை? மறுபக்கம், மோங்குட் தன் ஆட்சியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அரசருக்குப் பிள்ளை பெற்றவர்கள் நீங்கலாக, அந்தப்புரத்துப் பெண்கள் விரும்பினால் அரண்மனையை விட்டுப் போகலாம், வேறு திருமணமும் செய்துகொள்ளலாம் என்று அது சொன்னது. இதைப் படித்துவிட்டு அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. (துப்திமாக நடித்த லிண்டா டார்னெல் 1965-ல் ஒரு வீட்டுத் தீவிபத்தில் சிக்கி இறந்தார். அதுவும் சேர்ந்து மனதைப் பிசையும்.)

ஆனால் அந்தப்புரம் சொர்க்கம் என்றும் நான் சொல்லமாட்டேன். மோங்குட்டுக்கு 82 பிள்ளைகள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரு மதிலுக்குள் வாழ்ந்தார்கள், காவலும் பெண்களே, ஆண் என்றால் அரசரும் சிறுவர்களும்தான். அடிமை முறை இருந்தது. ஒரு கைம்பெண்ணாக, தனியாகச் சம்பாதித்துப் பிள்ளை வளர்க்கும் பெண்ணாக அன்னா அங்கே நுழைந்தபோது கண்ட மனவேதனை நிஜமானது. அதைப் பொய் என்று யாரும் தள்ளிவிடக்கூடாது. அவர் எழுதியதில் சோன் கிளின் என்ற ராணியைப்பற்றி ஒரு பகுதி வரும். ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அடிமை ஒழிப்பு நாவலைப் படித்து நெகிழ்ந்துபோய், தன் அடிமைகளை விடுவித்து, கையெழுத்திடும்போது அந்த ஆசிரியையின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டாராம். அன்னாவின் பக்கங்களில் எனக்கு மிகவும் உயிருள்ளதாகப் படும் ஆள் அந்த சோன் கிளின்தான்.

இப்போது அன்னா. படத்தில் வரும் கதையை மட்டுமல்ல, தன் சொந்தக் கதையையும் அவர்தான் எழுதினார் என்பது பல பேருக்குத் தெரியாது. வேல்ஸில் 1834-ல் பிறந்ததாகவும், தந்தை படைத் தலைவர் என்றும், கணவர் மேஜர் லியோனோவன்ஸ் புலி வேட்டைக்குப் போன இடத்தில் வெயில் தாக்கி இறந்ததாகவும் சொல்லிக்கொண்டார். லாண்டன் அதை நம்பினார், ஹாலிவுட்டும் நம்பியது. 1970களில்தான் குட்டு உடைந்தது. உடைத்தவர் டபிள்யூ. எஸ். பிரிஸ்டோ, தொழிலால் வரலாற்றாளர்கூட அல்ல, சிலந்திகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி. அன்னாவின் மகன் லூயிஸைப்பற்றி ஒரு புத்தகம் எழுதலாம் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டினார், அம்மா சொன்ன எதுவும் ஒத்துவரவில்லை.

பதிவேடுகள் சொல்லும் அன்னா 1831-ல் மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் பிறந்தவர். அப்பா தாமஸ் எட்வர்ட்ஸ் கம்பெனிப் படையில் வெறும் சார்ஜன்ட், மகள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அம்மாவின் தந்தை பம்பாய்ப் படையில் அதிகாரி, அம்மாவின் தாய் பெரும்பாலும் ஓர் இந்தியப் பெண்ணாகவோ ஆங்கிலோ இந்தியப் பெண்ணாகவோ இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அன்னா 1849-ல் புனாவில் தாமஸ் லியோன் ஓவன்ஸ் என்ற குமாஸ்தாவை மணந்தார். நடுப்பெயரும் கடைசிப் பெயரும் ஒட்டிக்கொண்டு பின்னாளில் லியோனோவன்ஸ் ஆனது. பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியா போனார்கள், அங்கிருந்து பினாங்கு. அங்கே 1859-ல் கணவர் இறந்தபோது அவர் ஒரு விடுதி நடத்திக்கொண்டிருந்தார். மேஜர் பட்டமும் புலியும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. (1946 படத்தில் கதாநாயகிக்கு அன்னா ஓவன்ஸ் என்றுதான் பெயர் வைத்தார்கள். தெரியாமலேயே உண்மைக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள்.)

இதை வைத்து அவரைப் பொய்க்காரி என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1859-ல் இருபத்தேழு வயதில், இரண்டு சிறு பிள்ளைகளோடு, கையில் காசில்லாமல் நின்ற ஒரு பெண். கலப்பு ரத்தம், பட்டாளத்து லைன் வீட்டில் வளர்ந்தவர் என்று தெரிந்தால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் காலனிகளில் யார் தங்கள் பிள்ளைகளைப் பாடம் படிக்க அனுப்புவார்கள்? சிங்கப்பூருக்குப் போகும்போது பழைய அன்னாவைப் பினாங்கிலேயே விட்டுவிட்டார். கண்ணியமான ஓர் அதிகாரியின் விதவையாக அங்கே அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார், அங்கிருந்த சயாம் தூதர் டான் கிம் சிங் வழியாக அரண்மனை வேலை வந்தது. மகள் ஆவிஸை இங்கிலாந்தில் பள்ளியில் சேர்த்துவிட்டு, மகன் லூயிஸோடு 1862 மார்ச்சில் பாங்காக் போய் இறங்கினார். இந்தியாவில் இருந்த சொந்த அக்கா எலைசாவோடு உறவையே அறுத்துக்கொண்டார். அந்த அக்காவின் பேரன்தான் பின்னாளில் ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்துப் புகழ்பெற்ற போரிஸ் கார்லாஃப். பாட்டியின் தங்கை கதையையும் ஹாலிவுட்தான் படமாக்கியது, பேரனையும் ஹாலிவுட்தான் நட்சத்திரமாக்கியது, இருவருக்கும் உறவு இருப்பது ஹாலிவுட்டுக்குத் தெரியாது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் பிறந்து, உள்ளூர் மொழிகளைக் காதில் கேட்டு வளர்ந்து, ஆஸ்திரேலியாவில் இருந்த காலம் தவிர ஆசியாவிலேயே வாழ்ந்து பாங்காக் வந்த பெண், கப்பலிலிருந்து இறங்கும்போது வேல்ஸிலிருந்து வந்த சீமாட்டியாக நடிக்கிறார். மேற்கு கிழக்குக்குப் பாடம் சொன்ன கதை என்று உலகம் கொண்டாடிய கதையின் ஆசிரியை ஆசியாவில் பிறந்து வளர்ந்தவர். படம் எடுக்க வேண்டிய கதை இதுதான், இதை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

தாய்லாந்துக்காரர்களின் கோபத்துக்கு வருகிறேன். அரசரை அவமதித்தால் அங்கே மூன்று முதல் பதினைந்து வருடம் வரை சிறை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே, ஆனால் இந்தக் கோபத்தைச் சட்டத்தால் மட்டும் விளக்க முடியாது. தங்கள் நாட்டைக் காலனியாகாமல் காப்பாற்றிய பரம்பரையில் முதல் பெரிய தலை என்று அவர்கள் கருதும் ஒருவரை, நரைத்த துறவியை, மேசை நாகரிகம் கற்றுக்கொள்ளும் கோமாளியாகக் காட்டினால் யாருக்குத்தான் வலிக்காது? 1946 படத்துக்கு முதலில் பதில் எழுதியவர்கள் சேனி பிரமோஜ், குக்ரித் பிரமோஜ் என்ற சகோதரர்கள், அரச குடும்பத்தில் வந்தவர்கள். 1948-ல் மோங்குட்டின் சொந்த எழுத்துகளையே தொகுத்து மொழிபெயர்த்து, இதோ எங்கள் அரசர் பேசுகிறார் என்று முன்வைத்தார்கள். அமெரிக்க ராஜதந்திரி ஆபட் லோ மொஃபட் 1961-ல் மோங்குட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அந்தத் தொகுப்புதான் அடித்தளம். திட்டிப் போராடாமல் ஆவணத்தை எடுத்துவைத்த அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தச் சேனி யார் என்றால், இரண்டாம் உலகப் போரில் வாஷிங்டனில் தாய்லாந்துத் தூதராக இருந்து, அமெரிக்காமீது போர் அறிவிக்கும் கடிதத்தைக் கொடுக்க மறுத்தவர். நமக்கு சயாம் என்றவுடன் மரண ரயில் பாதையும் அதில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் போர் முடிந்த மறு வருடமே வந்த படம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சகோதரர்கள் இருவருமே தாய்லாந்தின் பிரதமர்களாக இருந்தவர்கள். 1999 படத்தின் தயாரிப்பாளர்களுக்கு அங்கே படப்பிடிப்பு நடத்தவே அனுமதி கிடைக்கவில்லை, மலேசியாவில் எடுத்தார்கள், வெளிவந்தபோது தடையும் விழுந்தது.

சயாமின் சீர்திருத்தங்களுக்கு அன்னாதான் காரணமா என்றும் சிலர் கேட்பார்கள். அவரிடம் படித்த இளவரசர் சூலலங்கோர்ன் 1868-ல் அரசரானார், 1873-ல் அரசர் முன் தரையில் விழுந்து கிடக்கும் வழக்கத்தை ஒழித்தார், 1874 தொடங்கி 1905 வரை படிப்படியாக அடிமை முறையை எடுத்தார். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் முப்பது வருடத்தில் முடித்த வேலை அது. எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயதுவரை பாடம் சொன்ன டீச்சருக்கு அதில் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையனுக்கு வீட்டிலேயே இன்னொரு ஆசிரியர் இருந்தார், அவர் பெயர் மோங்குட். படத்தில் மகன் அரசராகும்போது தலைமாட்டில் அன்னா நிற்கிறார். நிஜத்தில் அன்னா 1867-லேயே கிளம்பிவிட்டார், அரசர் இறந்த செய்தி அவரைக் கடல் கடந்துதான் எட்டியது.

திரையில் அன்னா இருக்கும்போது அரசர் லிங்கனுக்கு யானை அனுப்ப முன்வரும் விஷயமும் அப்படித்தான். அமெரிக்காவுக்கு யானைகள் அனுப்புகிறேன் என்று அரசர் எழுதிய கடிதம் 1861 பிப்ரவரியிலேயே போய்விட்டது, புக்கானன் ஜனாதிபதியாக இருந்தபோது. லிங்கன் நன்றி சொல்லி மறுத்துப் பதில் எழுதியது 1862 பிப்ரவரியில். அன்னா அப்போது பாங்காக்குக்கு வந்து சேரவே இல்லை. லூயிஸ் கதை இன்னும் மோசம். 1946 படத்தில் அந்தப் பையன் குதிரையிலிருந்து விழுந்து இறக்கிறான், தியேட்டரே அழுதிருக்கும். நிஜ லூயிஸ் வளர்ந்து சயாமுக்கே திரும்பிப் போய், தன் பழைய வகுப்புத் தோழர் சூலலங்கோர்னின் குதிரைப் படையில் அதிகாரியாக இருந்து, பிறகு தேக்கு வியாபாரத்தில் பெரிய ஆளாகி, 1919-ல்தான் இறந்தார்.

மோங்குட்டின் மரணத்தைப் படம் ஒரு படுக்கைக் காட்சியோடு முடித்துவிடுகிறது. நிஜத்தில் 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம் வரும், அது இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் நன்றாகத் தெரியும் என்று அரசர் தானே கணக்குப் போட்டார். பாங்காக்குக்குத் தெற்கே கடலோரக் காட்டில் வா கோ என்ற இடம். அங்கே முகாம் கட்டி, பிரெஞ்சு வானியலாளர்களையும் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் ஆளுநர் சர் ஹாரி ஆர்டையும் விருந்தாளிகளாக அழைத்தார். சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் சூரியன் மறைந்தது. அதே நிழல் அன்று நம் பக்கமும் வந்திருந்தது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வு நிலையத்தின் பாக்சன் என்று பலர் கருவிகளோடு காத்திருந்தார்கள், பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் முதல் தடயம் அந்தக் கிரகணத்தில்தான் கிடைத்தது. வா கோவின் சதுப்புக் காட்டில் அரசருக்கும் இளவரசருக்கும் மலேரியா பற்றிக்கொண்டது. பையன் பிழைத்தான். அப்பா அக்டோபர் 1 அன்று இறந்தார். ராகு விழுங்குகிறது என்று மேளம் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில், வெளிநாட்டு விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு வைத்துக் கணக்கை நிரூபித்துக் காட்டி, அதற்காகவே உயிரையும் கொடுத்த அரசர். இதைவிடப் பெரிய கடைசிக் காட்சி எந்தத் திரைக்கதை எழுத்தாளருக்குக் கிடைக்கும்? மூன்று படத்திலும் இது இல்லை.

எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று கேட்டால் 1946 படத்தையே சொல்வேன். 1956 படத்தில் பாட்டும் வண்ணமும் அருமை, ஆனால் அரசர் முழுக்க நாடக மேடைப் பாத்திரமாகிவிட்டார். ஹாரிசனிடம் அவ்வப்போது ஒரு தனிமையும் களைப்பும் தெரியும், உண்மையான மோங்குட் அந்த இடங்களில் ஒரு கணம் எட்டிப்பார்க்கிறாரோ என்று தோன்றும்.

அன்னா பிறகு கனடா போனார், ஹாலிஃபாக்ஸில் 1887-ல் ஒரு ஓவியப் பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தார், பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசினார், 1915-ல் மாண்ட்ரியலில் இறந்தார். அதற்கு முன் 1897-ல் லண்டனில் ஒரு சந்திப்பு. ஐரோப்பியப் பயணத்தில் இருந்த அரசர் சூலலங்கோர்னைப் பார்க்க, முப்பது வருடம் கழித்து, பழைய டீச்சர் பேத்தியோடு போனார். அவருக்கு 65 வயது, மாணவருக்கு 43. அரசர் நன்றி சொன்னார். கூடவே, என் அப்பாவைப்பற்றி ஏன் அப்படி எழுதினீர்கள் என்றும் கேட்டார். எழுதியது அத்தனையும் உண்மை என்று அன்னா சாதித்தாராம். உடனிருந்த பேத்தி பின்னாளில் சொன்னது இது.